ஊழிய அழைப்பு உண்மையா என்று எப்படித் தெரியும்? வேலையை விட்டுவிட்டு இறையியல் படிக்கப் போகலாமா?

கேள்வி அனுப்பியவர் எழுதியிருப்பதன் சாரம் இது. பொறையாறு பக்கத்து லூத்தரன் குடும்பம், வயது 34. சிங்கப்பூர் ஜூரோங்கில் ஒரு ஷிப்யார்டில் சேஃப்டி சூப்பர்வைசர். நிரந்தரவாசி, மணமானவர், ஒரு மகள். ஊழியத்துக்கு ஆண்டவர் தன்னை அழைக்கிறார் என்ற எண்ணம் ரொம்ப நாளாக விடாமல் துரத்துகிறதாம். "இந்த உலக வேலையை" விட்டுவிட்டு இறையியல் கல்லூரியில் சேரலாமா, அழைப்பு உண்மைதான் என்று எப்படி உறுதி செய்வது, கல்லூரிக்குள் கூட்டு வாழ்க்கை எப்படி இருக்கும், இந்த வயதில் கிரேக்கம் ஏறுமா என்று கேட்கிறார்.

நான் சிங்கப்பூரிலேயே எம்.டிவ். என்ற இறையியல் பட்டப்படிப்பை முடித்துவிட்டுப் பட்டமளிப்புக்குக் காத்திருக்கும் லூத்தரன். படிக்க வருவதற்கு முன்னால் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியர். உங்களைவிட நாலைந்து வயது மூத்தவன், அதனால் தம்பி என்றே கூப்பிடுகிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ராஜினாமாக் கடிதத்தை இப்போது கொடுக்காதீர்கள். உங்கள் அழைப்பு பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதிய அத்தனை வரியிலும் நீங்களும் ஆண்டவரும் மட்டும்தான் இருக்கிறீர்கள். சபையைக் காணோம். ஐயரை, அதாவது சபைக் குருவானவரை, காணோம். மணமானவர் என்ற ஒரு சொல்லோடு மனைவியும் காணாமல் போய்விடுகிறார். லூத்தரன் கணக்குப்படி அது பாதி அழைப்புகூட ஆகாது.

நம் ஜனங்களிடம் ஊழிய அழைப்பைப் பற்றிச் சாட்சி சொல்லச் சொன்னால் ஒரு கனவு வரும், அல்லது ஒரு வசனம் வரும், அல்லது லாரி மோதாமல் தப்பிய கதை வரும். நம் சபைக்குப் பெயர் தந்த சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரிடமும் அப்படி ஒரு கதை இருந்தது. 1505 ஜூலையில், சட்டம் படித்துக்கொண்டிருந்த 21 வயதுப் பையன், ஸ்டோட்டர்ன்ஹைம் என்ற ஊருக்குப் பக்கத்தில் இடி மின்னலில் மாட்டிக்கொண்டான். "புனித அன்னாவே, காப்பாற்று, நான் துறவியாகிறேன்" என்று அலறினான். சொன்னபடியே இரண்டு வாரத்தில் எர்ஃபுர்ட் மடத்தில் சேர்ந்தும்விட்டான். அப்பா ஹான்ஸுக்குக் கடுங்கோபம். 1507-ல் மகனுடைய முதல் பூசைக்கு வந்த இடத்தில், "அது பேயின் வேலையாக இருந்துவிட்டால்?" என்கிற மாதிரி கேட்டே விட்டார். பெற்றோரைக் கனம்பண்ணச் சொல்லும் கட்டளையையும் நினைவுபடுத்தினார். அந்தக் கேள்வி லூத்தருக்குள் ரொம்ப வருடம் முள்ளாகக் கிடந்தது. 1521-ல் துறவற வாக்குறுதிகளை எதிர்த்து அவர் எழுதிய நூலை அப்பாவுக்குத்தான் சமர்ப்பணம் செய்தார்.

இதற்கு நேர் எதிராக இன்னொரு நிகழ்ச்சி. விட்டன்பெர்க் மடத்துத் தோட்டத்தில் ஒரு பேரிக்காய் மரத்தடியில், அவருடைய மேலதிகாரி ஸ்டாவ்பிட்ஸ், "நீ டாக்டர் பட்டம் வாங்க வேண்டும், பிரசங்கம் பண்ண வேண்டும்" என்று சொன்னார். லூத்தர் பதினைந்து சாக்கு சொன்னார் என்பார்கள். இந்த வேலை என்னைக் கொன்றுவிடும் என்றும் புலம்பினார். பரவாயில்லை, பரலோகத்திலும் கடவுளுக்குப் புத்திசாலிகள் தேவைப்படுகிறார்கள் என்று ஸ்டாவ்பிட்ஸ் கிண்டலடித்தார். 1512 அக்டோபரில் பட்டம் கிடைத்தது. பின்னால் போப்பு, பேரரசர் எல்லாரும் "உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" என்று கேட்டபோது லூத்தர் இடி மின்னல் கதையை எடுக்கவில்லை. நானாகக் கேட்டு வாங்கவில்லை, என்னைக் கூப்பிட்டு இந்த வேதபாட ஆசிரியர் பொறுப்பில் வைத்தார்கள் என்பதைத்தான் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டார். மின்னலில் செய்த சத்தியத்தை விட்டார், 1525-ல் கல்யாணமும் செய்துகொண்டார். அடுத்தவர் சொல்லி, இஷ்டமில்லாமல் ஏற்ற பொறுப்பை மட்டும் சாகும்வரை விடவில்லை.

1530-ல் எழுதப்பட்ட, லூத்தரன்களின் அடிப்படை ஆவணமான அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 14-ஆம் பிரிவு ஒரே வாக்கியம்தான். முறையாக அழைக்கப்படாத யாரும் சபையில் பகிரங்கமாகப் போதிக்கவோ ஞானஸ்நானம், திருவிருந்து ஆகிய சாக்கிரமந்துகளை வழங்கவோ கூடாது என்கிறது. அழைப்பது சபை. உங்களுக்குள் எழும் ஏக்கத்தை யாரும் தள்ளிவிடச் சொல்லவில்லை, ஆனால் அது மனு மட்டுமே. நியமன உத்தரவு வேறு இடத்திலிருந்து வர வேண்டும். இதில் ஒரு நிம்மதியும் இருக்கிறது. நடு ராத்திரியில் "நிஜமாகவே என்னைக் கூப்பிட்டாரா" என்று மனசு குடையும்போது, அன்றைக்கு நான் எவ்வளவு உருக்கமாக இருந்தேன் என்று தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை. கூப்பிட்டவர்களுக்கு முகம் உண்டு, பெயர் உண்டு, சபைக் கூட்டத் தீர்மானத்தில் தேதிகூட உண்டு.

உங்கள் ஊர்ப்பக்கத்துச் சரித்திரமும் இதையேதான் சொல்கிறது. பொறையாற்றிலிருந்து தரங்கம்பாடி எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1706 ஜூலை 9 அன்று ஜெர்மன் லூத்தரன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் அங்கே வந்து இறங்கினார்கள். கடலூர்க்காரரான ஆரோன் 1718-ல் ஞானஸ்நானம் பெற்றார், பின்பு உபதேசியாராக ஊர் ஊராக நடந்தார். 1733 டிசம்பர் 28-ல்தான் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தத் திருச்சபைகளில் இந்தியர் ஒருவர் குருவானது அதுவே முதல் தடவை. நடுவே 15 வருடம். தாமதத்துக்கு ஐரோப்பியரின் தயக்கமும் ஒரு காரணம்தான், அதை நான் பூசி மெழுக மாட்டேன். ஆனாலும் பட்டம் கிடைத்த நாளில் ஆரோன் யார் என்று தஞ்சாவூர்ச் சீமைச் சபைகளுக்கு நன்றாகத் தெரியும். யாருடைய வீட்டுச் சாவுக்கு வந்தார், யாருக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார் என்று ஆட்கள் சொல்லியிருப்பார்கள்.

சரி, "இந்த உலக வேலை" என்ற உங்கள் பேச்சுக்கு வருகிறேன். தம்பி, இது எனக்குக் கொஞ்சம் கோபத்தையே உண்டாக்கியது. குருவும் துறவியும்தான் தேவ அழைப்பு பெற்றவர்கள், செருப்புத் தைப்பவனும் பால் கறப்பவளும் சும்மா பிழைப்பு நடத்துகிறார்கள் என்ற எண்ணத்தை உடைத்ததுதான் லூத்தருடைய பெரிய காரியங்களில் ஒன்று. ஞானஸ்நானம் பெற்ற எல்லாரும் ஆசாரியர்களே என்று 1520-லேயே ஜெர்மன் பிரபுக்களுக்கு எழுதிவிட்டார். 1529-ல் வந்த அவருடைய விசுவாசப் பாட நூலான சிறிய ஞானோபதேசத்தின் கடைசியில் கணவன், மனைவி, பிள்ளை, வேலைக்காரர், எஜமான் என்று அவரவர் கடமைக்கான வசனங்கள் பட்டியலாக இருக்கும். திடப்படுத்தல் வகுப்பில் நாம் வேகமாகத் தாண்டிவிடும் பக்கம் அது.

உங்கள் வேலையையே பாருங்கள். கப்பல் டாங்குக்குள் ஆள் இறங்குவதற்கு முன் வாயுப் பரிசோதனை நடக்கிறது. காற்றில் ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்கும் 23.5 சதவீதத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நுழைவு பெர்மிட் கிடையாது. ஃபோர்மேன் அவசரப்படுத்துவார், வாட்சைக் காட்டுவார். மீட்டரை மறுபடி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து என்று நீங்கள் நிற்கும்போது, உள்ளே போகப்போகிற அறந்தாங்கிப் பையன் சாயங்காலம் உயிரோடு தொழிலாளர் டார்மிட்டரிக்குத் திரும்புகிறான். கொலை செய்யாதே என்ற ஐந்தாம் கட்டளைக்கு ஞானோபதேசம் தரும் விளக்கம், பிறனுக்குத் தீங்கு செய்யாதிருந்தால் மட்டும் போதாது, அவனுடைய சரீரத் தேவைகளில் உதவவும் வேண்டும் என்கிறது. நீங்கள் அதைச் சம்பளத்துக்குச் செய்கிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த வேலை அலுத்துப்போனதால் ஊழியம் இனிக்கிறது என்றால், அது இடமாற்ற ஆசை. ஊழியத்திலும் அலுப்பு உண்டு, நம்புங்கள். சபை ஆண்டறிக்கைக்குப் புள்ளிவிவரம் சேர்த்துப் பாருங்கள், பெர்மிட் ஃபைலே தேவலை என்று தோன்றும்.

கூட்டு வாழ்க்கையைப் பற்றிக் கேட்டீர்கள். எல்லாரும் ஜெபமும் பாட்டுமாக இருப்பார்கள் என்று எதிர்பார்த்து வந்தால் முதல் மாதமே சாயம் வெளுத்துவிடும். நான் விடுதியில் தங்கியவன். எங்கள் தளத்தில் பெரிய சண்டை வந்தது திருவிருந்தைப் பற்றியோ முன்குறிப்பைப் பற்றியோ இல்லை, பொது ஃப்ரிட்ஜைப் பற்றி. அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாடு என்னுடையது. நாகாலாந்து நண்பர் வைத்திருந்த அக்குனி, அதாவது புளிக்கவைத்த சோயா. கதவைத் திறந்தால் இரண்டும் சேர்ந்து ஆளை அடிக்கும். மூன்றாவது ஆள் சுமத்ராவிலிருந்து வந்த பத்தாக் லூத்தரன். அவர்களுடைய சபை 1861-லிருந்து இருக்கிறது, இந்தோனேசியாவிலேயே பெரிய சீர்திருத்தச் சபை. பரம சாது என்று நாங்கள் நினைத்திருந்த அவர், ஒரு காலையில் இரண்டு டப்பாவையும் எடுத்து வெளியே வைத்துவிட்டார். வெயிலில்! நாலு நாள் பேச்சுவார்த்தை இல்லை. காலை ஆராதனையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று சமாதானம் சொல்லிக் கைகொடுக்க வேண்டிய நேரத்தில் மூன்று பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். கடைசியில் ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் சேர்ந்து சமைத்தோம். அக்குனியில் பன்றிக்கறி, கருவாட்டுக் குழம்பு, பத்தாக் ஆண்டாலிமான் மிளகு போட்ட சம்பல். வாசனை தளம் முழுக்க. அதன்பின் எங்கள் ஃப்ரிட்ஜைப் பற்றி வாய் திறக்க மற்றவர்களுக்குத்தான் துணிவில்லை.

இதை வேடிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. நீங்கள் தேர்ந்தெடுக்காத ஆட்களோடு இருப்பதுதான் அங்கே முக்கியப் பாடம், ஏனென்றால் சபையையும் நீங்கள் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. 1935 முதல் 1937 வரை, நாஜி ஆட்சிக்குக் கீழ்ப்படியாத சபைக்காக ஃபின்கன்வால்டில் ஒரு குருமடத்தை நடத்திய ஜெர்மன் லூத்தரன் குரு போன்ஹோஃபர், மாணவர்களுக்கு ஒரு விதி வைத்திருந்தார்: கூடவே இருக்கும் சகோதரன் இல்லாத இடத்தில் அவனைப் பற்றிப் பேசக் கூடாது. அந்த இடத்தை 1937-ல் ரகசியப் போலீஸ் இழுத்து மூடியது. அவ்வளவு ஆபத்துக்கு நடுவிலும் அவர் புறம்பேசுவதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். நம் சபை வாட்சாப் குழுவுக்கு இந்த விதியைப் போட்டால் குழுவே அமைதியாகிவிடும்.

அப்புறம், 1536 கடைசியில் லூத்தர் எழுதிய ஷ்மால்கால்டு விசுவாசக் கட்டுரைகளில் ஒரு இடம் உண்டு. சுவிசேஷம் நமக்கு எந்தெந்த வழியில் வருகிறது என்று சொல்லும்போது பிரசங்கம், ஞானஸ்நானம், திருவிருந்து, பாவமன்னிப்பு அதிகாரம் என்று அடுக்கிவிட்டு, சகோதரர்கள் ஒருவரோடொருவர் பேசி ஆறுதல்படுத்துவதையும் சேர்க்கிறார். டீ குடித்துக்கொண்டே பேசும் பேச்சை அவர் அந்த வரிசையில் வைத்ததை நான் முதலாம் ஆண்டில் படித்தேன், மண்டையில் ஏறவில்லை. எபிரேயத் தேர்வுக்கு முந்தின ராத்திரி என் அப்பாவுக்கு மாரடைப்பு என்று போன் வந்தபோது அந்தப் பத்தாக்காரர்தான் டாக்ஸி கூப்பிட்டு என்னோடு மருத்துவமனை நாற்காலியில் விடியும்வரை உட்கார்ந்திருந்தார். அவருக்கும் மறுநாள் அதே தேர்வு. பெரிதாக ஒன்றும் பேசவில்லை, தன் ஊரில் இழவு வீட்டில் எப்படிப் பாடுவார்கள் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா பிழைத்துக்கொண்டார்.

எங்கே படிப்பது? சிங்கப்பூரில் லூத்தரன்களுக்கு இயல்பான இடம் அப்பர் புக்கிட் தீமா சாலையில் இருக்கும் டிரினிட்டி இறையியல் கல்லூரி. ஜப்பானியர் காலத்தில் சாங்கி சிறையில் அடைபட்டிருந்த பல சபைத் தலைவர்களுக்குள் முளைத்த யோசனை அது. 1948-ல் மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், பிரஸ்பிட்டேரியன் சபைகள் சேர்ந்து சோஃபியா மலையில் தொடங்கின, லூத்தரன்கள் 1963-ல் சேர்ந்தார்கள், இப்போதிருக்கும் வளாகத்துக்கு 2001-ல் வந்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் உங்கள் கேள்விக்கு ஒரே மேசையில் பல பதில் கிடைக்கும். பேராயர் எங்கே போடுகிறாரோ அங்கே போவேன் என்பார் மெதடிஸ்ட். சபை ஓட்டுப்போட்டு அழைக்க வேண்டும் என்பார் பிரஸ்பிட்டேரியன். நம் நிலைப்பாடு நமக்கே தெளிவாவது அந்த மாதிரி வாக்குவாதங்களில்தான்.

தமிழிலேயே படிக்க ஆசை என்றால் மதுரை அரசரடியில் 1969-ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி உண்டு. சென்னை கீழ்ப்பாக்கத்தில் குருக்குல் லூத்தரன் கல்லூரி உண்டு, அங்கே ஆங்கிலம். யாருக்கு ஊழியம் செய்யப் போகிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010 கணக்கெடுப்பில் 3.3 சதவீதம், 2020-ல் 2.5. நம் சபைப் பிள்ளைகள் கீர்த்தனையை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். அதே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டார்மிட்டரியிலிருந்து வரும் தம்பிமாருக்கு ஆங்கிலப் பிரசங்கம் ஒரு வரியும் பிடிபடாது. இங்கே ஊழியம் என்றால் இரண்டு கூட்டத்தையும் சுமக்க வேண்டியிருக்கும்.

அந்தச் சாயங்காலக் கூட்டத்தைத்தான் உங்களுக்கு முதல் வேலையாகச் சொல்வேன். செபம், தியானம், சோதனை இந்த மூன்றும்தான் ஒருவனை இறையியலாளன் ஆக்கும் என்று 1539-ல் லூத்தர் எழுதினார். முதல் இரண்டைக் கல்லூரியில் ஓரளவு பழகலாம். மூன்றாவதற்கு ஆட்கள் வேண்டும். பயிற்சிக் காலத்தில் நான் அப்படி ஒரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஓவர்டைம் முடித்து, சட்டையில் வெல்டிங் பொத்தலோடு வருவார்கள், பாதிப் பேருக்குக் கண் சொருகும். ஒருநாள் நான் பாட்டை எடுத்ததும், நாகப்பட்டினத்து ஆள் ஒருவர் கையை உயர்த்தி, "ஐயா, சுதி மேல போயிருச்சு, கொஞ்சம் எறக்கி எடுங்க" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் தானே எடுத்தார். கூடம் நிறைந்தது. சமையலுக்கு வரும் ஒரு அக்கா இன்னொரு நாள், "தம்பி, பிரசங்கத்துல எங்களப் பார்த்துப் பேசுங்க, மேல சுத்துற ஃபேனப் பார்த்துப் பேசாதீங்க" என்றார். இரண்டு வருடம் கழித்து அதே அக்காதான் சபைக் கமிட்டியில் எழுந்து, இந்தப் பிள்ளையைக் குருவானவராக அனுப்பலாம் என்று முதலில் சொன்னவர். எனக்கு வந்த அழைப்பு எது என்று யாராவது கேட்டால் அந்தக் கமிட்டிக் கூட்டத்தைத்தான் சொல்வேன்.

ஆகவே உங்கள் ஐயரிடம் போய்ப் பேசுங்கள். "எனக்கு அழைப்பு வந்துவிட்டது" என்று அறிவிக்கப் போகாதீர்கள், "எனக்கு இப்படி ஒரு எண்ணம், உங்களுக்கு என்ன தோன்றுகிறது" என்று கேளுங்கள். ஒரு வருடம் சபையில் யாரும் விரும்பாத வேலை ஏதாவது தரச் சொல்லுங்கள். கல்லூரிகளும் சபையின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் எளிதில் சேர்ப்பதில்லை. மாலை நேர வகுப்புகளும் உண்டு, வேலையில் இருந்துகொண்டே ஒரு பாடம் எடுத்துப் பாருங்கள். எம்.டிவ். முழுநேரமாக மூன்று வருடம். சம்பளம் நின்றால் சி.பி.எஃப். சேமநிதி நிற்கும், வீட்டுக் கடன் தவணை நிற்காது. சபை உதவித்தொகை கொடுத்தால் திரும்ப வந்து இத்தனை வருடம் ஊழியம் செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம் இருக்கலாம், அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பெர்மிட் படிக்கிற ஆள் நீங்கள், இது கைவந்த கலை.

மனைவியிடம் இதுவரை பேசவில்லை என்றால் ஐயரைப் பார்ப்பதற்கு முன் அதை முடியுங்கள். அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதற்காக மட்டும் இல்லை. ஐயரம்மாவாக வாழப்போகிறவர் அவர். உங்களைப் பத்து வருடமாகக் காலையில் பார்க்கிறவரும் அவர்தான். உங்களுக்குப் பொறுமை இருக்கிறதா, ரகசியம் காப்பீர்களா, தோற்றால் எப்படி நடந்துகொள்வீர்கள் என்று சபைக் கமிட்டி கேட்கும் கேள்விக்கெல்லாம் அவரிடம் ஏற்கெனவே பதில் இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னால், அந்த வேண்டாமுக்குக் காரணம் என்ன என்று கேட்டு, எதிர்வாதம் செய்யாமல் ஒரு மாதம் சுமந்து பாருங்கள்.

கிரேக்கம் ஏறும். எழுத்து 24தான், ஒரு வாரத்தில் பிடித்துவிடலாம். ஆங்கிலத்தில் மட்டும் வளர்ந்த என் வகுப்பு நண்பர்கள் வேற்றுமையைக் கண்டு மிரண்டார்கள். ஐ, ஆல், கு என்று சிறு வயதிலேயே உருப்போட்டவர்களுக்கு, பெயரின் வால் மாறினால் பொருள் மாறும் என்பது புதிதே இல்லை. வினைச்சொல் அட்டவணைதான் பாடாய்ப்படுத்தும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது, எம்.ஆர்.டி. ரயிலில் போகும்போது சொல்லிக்கொண்டே போக வேண்டியதுதான். எபிரேயத்தைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள், அது இரண்டாம் ஆண்டுக் கவலை.